மடியிலா, ஆசனத்திலா?



தலைப் பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்த பெண்ணை, குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நடக்கும்போது புக்ககத்தில் கொண்டு விடுவது நம் வீடுகளின் வழக்கம். அந்த நாளில் இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் கிடையாது. ஒரு பிரம்புக் கூடை, நாலைந்து பழைய வேட்டித் துணி, ஒரு பாலாடை, ஒரு பிளாஸ்க் வெந்நீர், அவ்வளவுதான். ரயிலில் மேல் பலகைச் சங்கிலியில் புடவையைக் கட்டித் தூளி போட்டுவிட்டால், ஊர் வந்து சேரும் வரை குழந்தை கண் விழிக்காது. விழித்தாலும் கவலை இல்லை. எதிர் ஸீட்டுப் பாட்டி கையை நீட்டி வாங்கிக் கொண்டுவிடுவாள்.

இன்று புக்ககம் எங்கே இருக்கிறது? பெங்களூரில் இருந்தாலே "அடடா, பக்கத்திலேயே இருக்கிறாளே!" என்று சந்தோஷப்படுகிறோம். டில்லி, மும்பை, சிங்கப்பூர், துபாய், லண்டன், நியூ ஜெர்ஸி என்று நம் பெண்கள் பரந்து கிடக்கிறார்கள். பிறந்து நூறு நாள் ஆகாத குழந்தை, தன் முதல் பிரயாணத்தையே ஆகாய மார்க்கமாக ஆரம்பிக்கிறது!

விமான கம்பெனிகளின் விதிகளைப் படித்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே நமக்குத் தலை சுற்றிவிடும். ஆனால் பொறுமையாக யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு காரணம் இருப்பது தெரியும். காரணம் புரிந்துவிட்டால் விதி மனத்தில் நின்றுவிடும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறினாலும் நாம் தடுமாற மாட்டோம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும், விதி "செய்யலாம்" என்று அனுமதிக்கிறதே தவிர, "அதுதான் நல்லது" என்று சொல்லவில்லை. கைக்குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு பறப்பதுதான் அது. அதைப் பற்றி உங்களிடம் மனம் விட்டுப் பேசத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்னால் டிக்கெட் வாங்குவதிலிருந்து வரிசையாக வருவோம்.

முதலில் வயது. இதில் ரயில் கணக்கை மறந்துவிட வேண்டும். ரயிலில் தனிப் படுக்கை கேட்காத வரையில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. விமானத்தில் அந்த எல்லைக்கோடு இரண்டு வயது. இரண்டு வயது நிரம்பாததைக் 'கைக்குழந்தை' என்கிறார்கள். இரண்டு நிரம்பியதிலிருந்து பன்னிரண்டு நிரம்பும் வரை 'குழந்தை'. அதற்கு மேல், நம் கண்ணுக்கு அது இன்னும் தலை வாரிவிட வேண்டிய பெண்ணாக இருந்தாலும், டிக்கெட் கணக்கில் பெரிய மனுஷிதான்.

கைக்குழந்தை மடியில்தானே வருகிறது, அதற்கு எதற்கு டிக்கெட் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். ஆசனம் இல்லாவிட்டாலும் டிக்கெட் உண்டு. விமானத்தில் எத்தனை உயிர் இருக்கிறது என்ற கணக்கில் நம் வீட்டுப் பொட்டுக்குழந்தையும் ஓர் உயிர் அல்லவா? உள்நாட்டு விமானங்களில் கைக்குழந்தைக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வாங்குகிறார்கள். வெளிநாட்டு விமானங்களில் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் வாங்குவது பொது வழக்கம். இரண்டு வயது ஆனவுடன் ஆசனம் கட்டாயம். நம் உள்நாட்டு விமானங்களில் அந்த ஆசனத்துக்குப் பெரும்பாலும் முழுக் கட்டணம்தான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். வயதைக் கணக்குப் பார்ப்பது டிக்கெட் வாங்கிய தேதியில் அல்ல, பிரயாணம் செய்யும் தேதியில். போகும்போது குழந்தைக்கு ஒரு வருஷம் பதினோரு மாசம். இரண்டு மாசம் இருந்துவிட்டுத் திரும்புகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். போகும்போது மடியில் போன குழந்தைக்குத் திரும்பும்போது ஆசனம் வாங்கியாக வேண்டும். பிறந்த நாளை வெளியூரில் கொண்டாடத் திட்டம் போடுகிறவர்கள், கேக்குக்குப் பணம் எடுத்து வைக்கும்போது இதற்கும் எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்த விதி: ஒரு பெரியவர் மடியில் ஒரே ஒரு குழந்தைதான். இரட்டைக் குழந்தை பெற்ற பாக்கியசாலி தனியாகப் பிரயாணம் செய்ய நினைத்தால், இரண்டையும் மடியில் வைத்துக் கொள்ள விட மாட்டார்கள். கூட இன்னொரு பெரியவர் வர வேண்டும். அல்லது ஒரு குழந்தைக்கு ஆசனம் வாங்கி, கம்பெனி ஒப்புக் கொள்ளும் குழந்தை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். ஆபத்து என்று வந்தால் இரண்டு கையால் ஒரு குழந்தையைத்தான் தூக்கிக் கொண்டு ஓட முடியும். அதுதான் காரணம்.

இனி காகிதங்கள். உள்நாட்டுப் பிரயாணமாக இருந்தாலும் கைக்குழந்தையின் வயதுக்கு அத்தாட்சி வேண்டும். பிறப்புச் சான்றிதழ் கைப்பையில் இருக்கட்டும். 2023 அக்டோபர் 1-ந் தேதியன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கு அத்தாட்சி பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் என்று சட்டம் ஆகிவிட்டது. 2025-ல் பாஸ்போர்ட் விதியையும் அதற்கேற்ப மாற்றிவிட்டார்கள். ஆகவே, "பேர் வைக்க நல்ல நாள் பார்க்கிறோம்" என்று சான்றிதழைப் பெயர் இல்லாமல் வாங்கி மடித்து வைத்திருக்கிறவர்கள், உடனே போய்ப் பெயரை எழுதி வாங்குங்கள்.

ஒரு காலத்தில் தாயாரின் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையின் பெயரையும் எழுதிவிடுவார்கள். இப்போது அது கிடையாது. ஆளுக்கு ஒரு பாஸ்போர்ட். பிறந்து இருபது நாள் ஆன குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா. நம் நாட்டில் சிறு குழந்தைகளுக்குத் தரும் பாஸ்போர்ட் ஐந்து வருஷம்தான் செல்லும். பெரியவர்களுடையதைப் போலப் பத்து வருஷம் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். விண்ணப்பத்துக்குத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தை நாமே கொண்டு போக வேண்டும். குழந்தையை வெள்ளை விரிப்பின் மேல் படுக்க வைத்து, மேலேயிருந்து படம் எடுத்தால் காரியம் சுலபம்.

பெண்ணுக்கு அமெரிக்காவில் குழந்தை பிறந்திருந்தால், அது பிறக்கும்போதே அந்த நாட்டுப் பிரஜை. தாத்தா பாட்டியைப் பார்க்க இந்தியா வருவதற்கு அமெரிக்க பாஸ்போர்ட்டும், அதோடு இந்திய விசாவோ ஓ.சி.ஐ. அட்டையோ வேண்டும். "எங்கள் பேரன்தானே!" என்று விமான நிலையத்தில் சொன்னால், உத்தியோகஸ்தர் சிரிப்பார், ஆனால் விட மாட்டார்.

தாய் மட்டும் குழந்தையோடு வெளிநாடு போனால், "தகப்பனாருக்குச் சம்மதமா?" என்று கேட்கும் நாடுகள் உண்டு. நம் பேரில் சந்தேகம் இல்லை. குழந்தையை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தூக்கிக் கொண்டு போகும் வழக்குகள் உலகத்தில் நடப்பதால் கேட்கிறார்கள். புருஷனிடம் நாலு வரியில் ஒரு சம்மதக் கடிதம் எழுதி வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். கேட்டால் காட்டலாம், கேட்காவிட்டால் கல்யாண நாள் கடிதமாக வைத்துக் கொள்ளலாம்!

எத்தனை நாள் குழந்தையை ஏற்றலாம்? சில கம்பெனிகள் பிறந்து சில நாளிலேயே ஏற்றிக் கொள்ளும். சில இரண்டு வாரம் ஆக வேண்டும் என்னும். அதற்குள் போவதானால் டாக்டரின் கடிதம் கேட்கும். இதன் காரணம் சுவாரஸ்யமானது. விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதைப் போல வைக்கப்படுகிறது. நம் உதகமண்டலம் சுமார் 7,350 அடி. அதாவது, மீனம்பாக்கத்தில் ஏறி உட்கார்ந்த அரை மணிக்குள் உங்கள் குழந்தை ஊட்டிக்குப் போய்விடுகிறது! அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆரோக்கியமான குழந்தைக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் பிறந்த சில நாட்களில் நுரையீரலும் இருதயமும் வெளி உலகத்துக்குப் பழகிக் கொண்டிருக்கும். குறை மாதத்தில் பிறந்த குழந்தை, இருதயக் கோளாறோ நுரையீரல் கோளாறோ உள்ள குழந்தை, சளியும் காதுவலியும் உள்ள குழந்தை இவற்றையெல்லாம் டாக்டரைக் கேட்காமல் ஏற்றக் கூடாது. குறை மாதக் குழந்தைக்கு வயதைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இதே காற்றழுத்தம்தான் காதுவலிக்கும் காரணம். விமானம் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். காதின் உட்புறத்தையும் தொண்டையையும் இணைக்கும் சின்னக் குழாய் குழந்தைகளுக்கு இன்னும் குறுகலாக இருக்கும். விழுங்கினால் அது திறந்து கொள்ளும். ஆகவே, விமானம் இறங்க ஆரம்பிக்கும்போது பால் கொடுங்கள். ஏறும்போதே வயிறு முட்டக் கொடுத்துவிட்டால், தேவைப்படும்போது குழந்தை குடிக்காது. கொஞ்சம் பசியை மிச்சம் வைக்க வேண்டும். தரையில் சக்கரம் தொடுவதற்கு அரை மணி முன்பே இறக்கம் ஆரம்பித்துவிடும். பெரிய குழந்தையானால் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கச் சொல்லலாம்.

"தூங்க வைக்கிற சிரப்பு ஒரு மூடி கொடுத்துவிட்டால் நிம்மதி" என்று சில வீடுகளில் யோசனை சொல்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் இதைச் செய்யவே கூடாது. சில குழந்தைகளுக்கு அந்த மருந்து தூக்கத்துக்குப் பதிலாகப் படபடப்பையும் அழுகையையும் கொடுக்கும். நடுவானத்தில் மூச்சு விடச் சிரமப்பட்டால் பிறகு என்ன செய்வது?

பால் சமாசாரம் வந்ததால் சோதனைச் சாவடியையும் சொல்லிவிடுகிறேன். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி ஒன்று பிடிபட்டது. அதிலிருந்து, வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியில் திரவம் எடுத்துப் போகக் கூடாது என்பது பெரும்பாலான இடங்களில் விதியாகிவிட்டது. ஆனால் குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. பிரயாணத்துக்கு வேண்டிய அளவு கொண்டு போகலாம். பையின் அடியில் புதைக்காமல், தனியாக எடுத்துக் காட்டினால் சோதனை சீக்கிரம் முடியும். தள்ளுவண்டியில் வந்தாலும் குழந்தையைத் தூக்கிக் கொண்டுதான் சோதனை வாசலைத் தாண்ட வேண்டும். வண்டி தனியாக யந்திரத்துக்குள் போகும். எனவே ஒரே இழுப்பில் மடங்கும் வண்டியாக இருப்பது நல்லது.

சரி, உள்ளே ஏறிவிட்டோம். எங்கே உட்காருவது? அவசர வழி இருக்கும் வரிசையில் குழந்தையோடு உட்கார விட மாட்டார்கள். வேகமாகக் கதவைத் திறந்துவிட வேண்டியவர்கள் அங்கே இருக்க வேண்டும். மூன்று பேர் உட்காரும் ஒரே பெஞ்சில் இரண்டு கைக்குழந்தைகளையும் பெரும்பாலும் விட மாட்டார்கள். காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் மேலேயிருந்து பிராணவாயு முகமூடிகள் தொங்கும் அல்லவா? மூன்று ஆசனத்துக்குப் பொதுவாக நாலு முகமூடிதான் இருக்கும். ஐந்தாவது மூக்குக்கு முகமூடி ஏது?

அந்த முகமூடியைப் பற்றிப் பணிப்பெண் சொல்லும் ஒரு வாக்கியம் எந்தத் தாய்க்கும் பிடிக்காது: "முதலில் நீங்கள் மாட்டிக் கொள்ளுங்கள், பிறகு குழந்தைக்கு மாட்டுங்கள்." குழந்தை வாய் பார்த்துக் கொண்டிருக்க, தான் சாப்பிட்ட தாய் நம்மில் உண்டா? ஆனாலும் இங்கே அப்படித்தான் செய்ய வேண்டும். 35,000 அடி உயரத்தில் பிராணவாயு இல்லாமல் போனால், தெளிவாக யோசித்துக் கையைக் காலை அசைக்க நமக்கு அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம்தான் அவகாசம். திமிறுகிற குழந்தைக்கு மாட்டிவிடப் பார்த்து அந்த நேரத்தைக் கழித்துவிட்டால், தாய் மயங்கி விழுவாள். குழந்தைக்கு மாட்டிவிட ஆள் இருக்காது. முதலில் தாய் மாட்டிக் கொள்வதே குழந்தைக்காகத்தான்.

இப்போது மடிக்கு வருவோம்.

தாய் மடியைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்று நாம் நினைக்கிறோம். வீட்டில் அது உண்மை. கோயில் மண்டபத்தில் உண்மை. விமானத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரயாணங்களில் ஒரு குறையும் வருவதில்லை. ஆனால் அந்த மிச்சம் ஒன்றில் என்ன நடக்கிறது என்று தெரிந்து கொள்ள வேண்டாமா?

எட்டு கிலோ எடையுள்ள குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது நமக்கு ஒரு பாரமே இல்லை. விமானத்தின் ஆசனங்கள், முன்னோக்கி ஒன்பது மடங்கு விசை இழுத்தாலும் பெயராமல் நிற்கும்படி அமைய வேண்டும் என்பது நீண்ட காலத்து அளவுகோல். புதிய ரக விமானங்களுக்குப் பதினாறு மடங்கு விசையில் சோதனை செய்கிறார்கள். ஒன்பது மடங்கையே எடுத்துக் கொள்வோம். அந்த ஒரு கணத்தில் எட்டு கிலோக் குழந்தை எழுபத்திரண்டு கிலோவாகிவிடும். ஏறக்குறைய மூன்று சிப்பம் அரிசி! எந்தத் தாயின் கை அதைப் பிடித்து நிறுத்தும்? அன்பு குறைவதில்லை, சகோதரிகளே. கைக்குத்தான் அவ்வளவு பலம் கிடையாது.

விபத்துதான் நேர வேண்டும் என்பதும் இல்லை. 2024 மே 21-ந் தேதி, லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்க் கொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், பர்மா எல்லைக்கு மேலே திடீர்க் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. ஒரு வினாடிகூட ஆகவில்லை. பெல்ட் போடாதவர்கள் கூரைக்கு எறியப்பட்டார்கள். ஒரு பிரயாணி இறந்தார். பலருக்குப் பலத்த காயம். விமானம் பாங்காக்கில் இறங்கியது. பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால், மடியில் சும்மா படுத்திருக்கும் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. 1989 ஜூலை 19-ந் தேதி, டென்வரிலிருந்து சிகாகோ புறப்பட்ட யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம், வால்புற எஞ்சின் வெடித்ததால் கட்டுப்பாட்டை இழந்து, ஸூ ஸிட்டி என்ற ஊரில் தரையில் மோதியது. அதில் இருந்த 296 பேரில் 112 பேர் உயிரிழந்தார்கள். நாலு குழந்தைகள் மடிக்குழந்தைகளாக வந்திருந்தார்கள். அக்கால விதிப்படி, குழந்தைகளைத் தரையில் துணி மெத்தையாகப் போட்டு வைத்துப் பிடித்துக் கொள்ளும்படி தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் தாய்மார்களிடம் சொன்னார். நால்வரில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. அதன் தாயை நேருக்கு நேர் பார்த்த அந்தப் பெண்மணி, கைக்குழந்தைக்கும் ஆசனமும் பாதுகாப்பு நாற்காலியும் வேண்டும் என்று அதற்குப் பிறகு பல வருஷங்கள் பிரசாரம் செய்தார். அமெரிக்காவின் விபத்து விசாரணைக் குழுவும் அதையே சிபாரிசு செய்தது.

பிறகு ஏன் சட்டமாகவில்லை? 2005-ல் அமெரிக்க விமான நிர்வாகம் ஒரு பதில் சொன்னது. அதையும் நாம் நியாயமாகக் கேட்க வேண்டும். குழந்தைக்கும் ஆசனம் வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம் போட்டால், செலவுக்குப் பயந்து பல குடும்பங்கள் காரில் போகும். சாலையில் நேரும் சாவு ஆகாயத்தில் நேர்வதைவிட மிக அதிகம். ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய்ப் பல குழந்தைகளை இழப்போம் என்றார்கள். அதனால் மடியில் வரலாம் என்ற விதி நிலைத்தது. ஆனால் அதே நிர்வாகம், "குழந்தைக்குப் பத்திரமான இடம் உங்கள் மடியல்ல, தனி ஆசனத்தில், அதற்கென்று ஏற்பட்ட பாதுகாப்பு நாற்காலிதான்" என்று தாய் தகப்பன்மார்களுக்கு இன்றும் வற்புறுத்திச் சொல்லி வருகிறது. விதி அனுமதிப்பது குடும்பத்தின் பணப்பையை உத்தேசித்து. பத்திரம் என்று சொல்லி அல்ல.

"இன்னொரு டிக்கெட்டுக்கு எங்கே போவது?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. எல்லோராலும் முடியாது, முடியாதவர்கள் குற்றவாளிகளும் அல்லர். விமானம் ஒட்டுமொத்தத்தில் பத்திரமான வாகனம் என்பதையும் மறக்க வேண்டாம். நம்மால் முடிந்ததை முடிந்த அளவில் செய்வோம்.

வசதி இருப்பவர்கள், அதிலும் பத்துப் பதினைந்து மணி நேரப் பிரயாணம் போகிறவர்கள், குழந்தைக்கு ஆசனம் வாங்குங்கள். கார் நாற்காலி எல்லாமே விமானத்துக்கு ஆகாது. விமானத்திலும் உபயோகிக்கலாம் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். அகலம் பொருந்துமா என்று கம்பெனியை முன்கூட்டியே கேட்க வேண்டும். வைப்பது பொதுவாக ஜன்னலோரம். அப்போதுதான் மற்றவர்கள் வெளியேற வழி மறிக்காது. பத்து கிலோவிலிருந்து இருபது கிலோ வரை எடையுள்ள, தனி ஆசனத்தில் உட்காரும் குழந்தைக்குத் தோளுக்கு மேல் வரும் பட்டை ஒன்று இருக்கிறது. அமெரிக்க நிர்வாகம் 2006-ல் ஒப்புக் கொண்டது. கைப்பைக்குள் அடங்கிவிடும். ஆனால் நாம் போகும் கம்பெனி அதை ஏற்குமா என்று கேட்டுக் கொள்ள வேண்டும்.

ஆசனம் வாங்க முடியாதவர்கள், பதிவுக் கவுண்டரில் "பக்கத்து ஸீட் காலியாக இருக்கும்படி தர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் இல்லாத நாளில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

மடியில்தான் என்றால், நம் நாட்டு விமானங்களில் பணிப்பெண் ஒரு சின்ன பெல்ட் தருவார். நம் பெல்ட்டில் ஒரு வளையமாகக் கோத்து, குழந்தையின் இடுப்பில் தனியாக மாட்டுவது. ஐரோப்பாவில் இது கட்டாயம். அமெரிக்காவில் ஏறும்போதும் இறங்கும்போதும் இதை அனுமதிப்பதில்லை. பலமாக மோதினால் வயிற்றை அழுத்தும் என்கிறார்கள். நிபுணர்களே இரண்டு பட்டிருக்கிறார்கள். ஆனால் நடுவானத்துக் கொந்தளிப்பில் குழந்தை மேலே எறியப்படாமல் அது பிடித்து நிறுத்தும். தந்தால் போட்டுக் கொள்ளுங்கள். தர மறந்தால் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. நம் பெல்ட்டுக்கு உள்ளே குழந்தையையும் சேர்த்துக் கட்டிக் கொள்ளக் கூடாது. விமானம் குலுங்கினால் நம் உடம்பின் பாரம் முழுவதும் குழந்தையின் மேல் விழும். மார்பில் கட்டித் தூக்கும் துணிப்பையிலிருந்தும் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தையை வெளியே எடுத்துவிட வேண்டும். நீண்ட தூர விமானங்களில் முன் சுவரில் மாட்டித் தரும் தொட்டில் கிடைக்கும். முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். குழந்தையின் எடைக்கு வரம்பு உண்டு. பெல்ட் விளக்கு எரிந்தவுடன், தூங்குகிறதே என்று பரிதாபப்படாமல், குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்துப் பெல்ட் போட்டுவிடுங்கள். தூக்கம் கலைந்தால் அழும். அழுதால் தூங்க வைத்துக் கொள்ளலாம். மடியில் குழந்தை இருக்கும்போது சூடான காபியும் வேண்டாம். ஊரில் இறங்கி அருமையான டிகிரி காபியாகக் குடித்துக் கொள்ளலாம்!

கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. குடும்பத்தோடு போகும்போது குழந்தைக்கு ஒரு மூலை, தாய்க்கு ஒரு மூலை என்று ஸீட் கொடுத்துவிடும் சங்கடம் இருந்தது. 2024 ஏப்ரலில் நம் நாட்டு விமான நிர்வாகம், ஒரே டிக்கெட்டில் வரும் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, தாய் தகப்பன் அல்லது காப்பாளர் ஒருவருக்குப் பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. ஆகவே எல்லோருக்கும் ஒன்றாகவே டிக்கெட் எடுங்கள். தனித்தனியாக எடுத்துவிட்டுப் பிறகு உரிமை கேட்டால் எடுபடாது.

விடுமுறைக்குப் பிள்ளையைத் தனியாகப் பாட்டி வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. ஐந்து வயது நிரம்பாத குழந்தையைத் தனியாக ஏற்ற மாட்டார்கள். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை, தனிக் கட்டணம் வாங்கிக் கொண்டு, கம்பெனி ஊழியரே பொறுப்பேற்று அழைத்துப் போகும் ஏற்பாடு பல கம்பெனிகளில் இருக்கிறது. ஏற்றிவிடுகிறவர், அந்த ஊரில் அழைத்துக் கொள்கிறவர் இருவர் பெயரையும் எழுதித் தர வேண்டும். எழுதிய பெயருக்குரியவர் அடையாளச் சீட்டுடன் வந்தால்தான் குழந்தையை ஒப்படைப்பார்கள். "மாமாவுக்கு வேலை, சித்தப்பா வந்திருக்கிறார்" என்றால் நடக்காது. அது கண்டிப்பு அல்ல. நம் குழந்தைக்குக் காவல்.

டிக்கெட் எடுக்கும்போது கேட்க வேண்டியவற்றை ஒரு சீட்டில் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்: திரும்பும் நாளில் குழந்தைக்கு என்ன வயது? கைக்குழந்தை பெல்ட் தருவீர்களா? ஆசனம் வாங்கினால் குழந்தைக்குக் கட்டணத்தில் சலுகை உண்டா? எங்கள் நாற்காலியை ஒப்புக் கொள்வீர்களா? தொட்டில் உண்டா, எத்தனை கிலோ வரை? இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதிப் பிரயாணம் முடிந்த மாதிரிதான்.

பெட்டி எத்தனை கிலோ, ஊறுகாய் ஜாடி உடையுமா, பருப்புப் பொடியைச் சுங்கத்தில் விடுவார்களா என்று நாம் நாலு நாள் விசாரிக்கிறோம். குழந்தை எங்கே உட்காரப் போகிறது என்று ஒரு நிமிஷம் விசாரிக்கக் கூடாதா?

ஊறுகாய் ஜாடியை உடையாமல் கட்டும் வித்தையை அடுத்த வாரம் சொல்கிறேன்.